பத்து நாட்களில் நேர்காணல்: எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்கில் நான்கு ஆண்டுகளாகச் சரக்கிருப்புக் கணக்கைக் கவனித்து வருகிறீர்கள். வேறொரு நிறுவனத்தில் கிடங்கு மேற்பார்வையாளர் பதவிக்கு அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. இதற்கு முன் போன மூன்று நேர்காணல்களும் கைகூடவில்லை. நூறு கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஆனாலும் எதிரே போய் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எப்படித் தயாராவது என்று கேட்கிறீர்கள்.

அந்த நூறு பதில்களை முதலில் ஓரமாக எடுத்து வையுங்கள். நான் பல ஆண்டுகள் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன். மனப்பாடமாக வருகிற பதில் இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். குரல் ஒரே மட்டத்தில் ஓடும், பார்வை எங்கோ போய் நிற்கும். நடுவில் "அப்போது உங்களுடன் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்?" என்று ஒரு சின்னக் கேள்வி போட்டால் போதும், இழை அறுந்துவிடும். நன்றாக வேலை தெரிந்தவர்கள் இப்படிச் சிக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்களைப் போல எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. உங்கள் நாக்கு ஒட்டிக்கொள்வதற்குப் பயம் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு ஆண்டுகள் நீங்கள் பார்த்த வேலை நினைவின் அடியில் கிடக்கிறது. மேலே யாரோ எழுதிய பதில்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கேள்வி வந்ததும் கை முதலில் அவற்றில்தான் படுகிறது.

கேட்பவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தால், எந்தப் பக்கம் உழைக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். "நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்", "மேலதிகாரியுடன் கருத்து வேறுபட்டபோது என்ன செய்தீர்கள்?" போன்ற கேள்விகள் இன்று பல நேர்காணல்களில் வருகின்றன. இவை திடீரென்று முளைத்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படையின் உளவியல் பிரிவில் இருந்தவர் ஜான் ஃபிளானகன். விமானிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு 'திறமையானவர்', 'துணிச்சலானவர்' போன்ற பொத்தாம்பொதுவான சொற்கள் உதவவில்லை. வேலை நடந்த இடத்தில் யார் எதைச் செய்ததால் காரியம் நடந்தது, எதைச் செய்ததால் கெட்டது என்ற உண்மை நிகழ்வுகளைத் திரட்டும் முறை அங்கே உருவானது. 1954ஆம் ஆண்டு அதை அவர் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். 1980களில் நேர்காணல் கேள்விகளையே இந்த அடிப்படையில் அமைக்கத் தொடங்கினார்கள்.

அது பலன் தந்ததா? 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுகளில் வெளியான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்டுப் பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று கண்டார்கள். 2022இல் பால் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழுவினர் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோது பல தேர்வு முறைகளின் மதிப்பு இறங்கியது. ஆனால் இந்த வகை நேர்காணல் பட்டியலின் உச்சிக்கு வந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எதிரே இருப்பவர் முன்னால் ஒரு தாள் இருக்கக்கூடும். அதில் கேள்வியும் அதற்கான மதிப்பெண்ணும் இருக்கும், நடுவில் குறிப்பெழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். "நான் கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போவேன்" என்று நீங்கள் சொன்னால் அந்த இடத்தில் எழுதுவதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்காது. பேனாவைப் பிடித்தபடி, இவர் எழுதும்படியாக ஏதாவது ஒன்று சொல்லிவிட மாட்டாரா என்று நானே காத்திருந்திருக்கிறேன். உங்களைத் தோற்கடிக்கவே அவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த இடம் நிரம்பினால் அவருக்கும் ஒரு வேலை முடியும்.

ஆகவே பத்து நாட்களில் முதல் மூன்று நாட்களை உங்கள் சொந்த வேலையைத் தோண்டி எடுப்பதற்கே கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, வேலையில் சேர்ந்த மாதத்திலிருந்து இன்றுவரை நடந்தவற்றை எழுதுங்கள். நினைவை மட்டும் நம்பினால் கடைசி ஆறு மாதம்தான் வரும். பழைய நாட்காட்டி, போனில் இருக்கும் படங்கள், ஆண்டு மதிப்பீட்டின்போது எழுதிக் கொடுத்தது, உடன் வேலை பார்த்த நண்பரோடு அரை மணி நேரப் பேச்சு எல்லாவற்றையும் கிளறுங்கள். அலுவலகக் கோப்புகளை வெளியே எடுத்து வர வேண்டாம். பார்த்து நினைவுபடுத்திக்கொண்டால் போதும். என்ன உடைந்தது, யார் கோபப்பட்டார், எந்த நாளில் வீட்டுக்குத் தாமதமாகப் போனீர்கள், எதைச் செய்து முடித்தபோது மனம் நிறைந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் நிகழ்வுகள் வரும். அவற்றில் எட்டோ பத்தோ தேர்ந்தெடுங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு நீங்கள் தவறு செய்த நிகழ்வுகளாக இருக்கட்டும். குறைந்தது ஒன்று யாரோ ஒருவருடன் உரசல் ஏற்பட்டதாக இருக்கட்டும்.

ஒரு நிகழ்வு எப்படி விரிகிறது என்று காட்டுகிறேன். உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பெரும்பாலோர் சொல்லும் விதம் இது: "எங்கள் கிடங்கில் இருப்புக் கணக்கில் அடிக்கடி பிழை வரும். நாங்கள் குழுவாகச் சேர்ந்து அதைச் சரிசெய்தோம். நல்ல முன்னேற்றம் கிடைத்தது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் சொன்னவர் அந்தக் கிடங்கில் இருந்தாரா என்றே தெரியவில்லை. இப்போது அதே நிகழ்வை இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"வாரக் கடைசியில் எண்ணும்போது கணினியில் உள்ள எண்ணிக்கையும் அலமாரியில் உள்ள எண்ணிக்கையும் சுமார் நாற்பது இடங்களில் ஒத்துப்போகாது. திருட்டு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் பாதி இடங்களில் பொருள் கூடுதலாக இருந்தது. மூன்று வாரம் ஒவ்வொரு வேறுபாட்டையும் எழுதி வைத்தேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பொருட்கள்தான் அதில் பெரும்பங்கு. அவை கணினியில் ஏறும் முன்பே அலமாரிக்குப் போய்விட்டன. மேற்பார்வையாளரிடம் நோட்டைக் காட்டினேன். புதிதாக ஒரு படி சேர்த்தால் வேலை தாமதமாகும் என்று அவர் தயங்கினார். மாலை ஷிப்டில் மட்டும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று கேட்டேன். வாசலருகே ஒரு மேசை போட்டு, பதிவாகாத எதுவும் அதைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம். இரண்டு மாதத்தில் நாற்பது என்பது பன்னிரண்டாகக் குறைந்தது. ஆனால் விற்பனை அதிகமான வாரத்தில் மேசை நிரம்பி, பொருட்களைத் தரையில் வைக்க வேண்டியதாயிற்று. கூட்டமான நாளுக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்பதை நான் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும்."

வாய்விட்டுச் சொன்னால் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் ஆகும். ஆனால் இதில் எத்தனை இருக்கிறது பாருங்கள். பொருள் கூடுதலாக இருந்ததைக் கவனித்த கண், மூன்று வாரம் எழுதி வைத்த பொறுமை, மேலதிகாரி தயங்கியபோது சண்டைக்குப் போகாமல் சிறிய அளவில் கேட்டுப் பார்த்த பக்குவம் எல்லாம் வந்துவிடுகின்றன. இவற்றில் ஒன்றைக்கூட அவர் தன்னைப் பற்றிய புகழாகச் சொல்லவில்லை. "நாங்கள்" எங்கே, "நான்" எங்கே என்பதும் பிரிந்து தெரிகிறது. அடக்கம் கருதி எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நல்ல குணம்தான். ஆனால் தேர்வுக் குழு உங்களை மட்டும்தான் வேலைக்கு எடுக்கப்போகிறது, உங்கள் குழு முழுவதையும் அல்ல. உங்கள் கை எதைச் செய்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியில் வந்த குறையையும் கவனியுங்கள். அதை மறைத்திருந்தால் கதை இன்னும் பளபளப்பாக இருந்திருக்கும், நம்பிக்கை குறைந்திருக்கும். எண்கள் மிகச் சரியாக நினைவில்லை என்றால் "சுமார்" என்று சொல்லுங்கள். இல்லாத எண்ணைக் கட்டிவிடாதீர்கள். அடுத்தடுத்து மூன்று கேள்விகள் கேட்டால் கட்டிய எண் நிற்காது.

நிகழ்வுகள் கைக்கு வந்த பிறகு பணி விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் அந்த நிறுவனத்தில் எங்கோ இருக்கிற ஒரு தேவை. 'ஷிப்ட் அட்டவணை தயாரித்தல்' என்று இருந்தால் ஆட்களைப் பிரித்து அனுப்புவதில் அவர்களுக்கு ஏதோ சிரமம் இருக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் நிகழ்வுகளில் எது பொருந்தும் என்று எழுதுங்கள். சில வரிகளுக்கு எதுவும் பொருந்தாது. அந்த வெற்றிடங்கள்தான் உங்களுக்கு முக்கியம். உங்களுக்கு ஆட்களை நிர்வகித்த அனுபவம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கேள்வி நிச்சயம் அங்கேதான் வரும். "மேற்பார்வையாளர் என்ற பெயரில் நான் இருந்ததில்லை. அவர் விடுப்பில் போன நாட்களில் ஷிப்டை நடத்தியிருக்கிறேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறேன்" என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.

நிறுவனத்தைப் பற்றிப் படிப்பதற்கு ஒரு மாலை போதும். அது எந்த ஆண்டு தொடங்கப்பட்டது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவர்கள் என்ன விற்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், அண்மையில் எதை விரிவாக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதுமானது. முடிந்தால் அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். இணையதளத்தில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

நான்காம் நாளிலிருந்து வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்துவிட்டது போல ஒரு மயக்கம் வரும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நோட்டை மூடுங்கள், போனில் ஒலிப்பதிவை இயக்குங்கள், ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். முதல் தடவை மூன்று நான்கு நிமிடம் ஓடும், பாதி தூரம் வரை விஷயத்துக்கே வந்திருக்க மாட்டீர்கள். பின்னணியை இரண்டு வாக்கியத்தில் முடித்து மறுபடி சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் வரட்டும். நிகழ்வு மட்டும் மாறாமல் இருக்கட்டும். வரிகளை மனப்பாடம் செய்யாமல் நிகழ்வை நினைவில் வைத்திருப்பது என்றால் இதுதான். அப்படிப் பழகியவரை எந்தக் குறுக்குக் கேள்வியும் கலைக்காது, ஏனென்றால் அவர் அந்தக் கிடங்கின் வாசலில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்.

பிறகு ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசும்போது இடைமறித்து "ஏன்?" என்றும் "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றும் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நேர்காணல் நுணுக்கம் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் துறை தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வியை மட்டும் தனியாகத் தயார் செய்யுங்கள், பெரும்பாலும் அதுதான் முதலில் வரும். பிறந்த ஊர், படித்த பள்ளி, குடும்பம் என்று தொடங்க வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், அதில் எதைச் சிறப்பாகச் செய்தீர்கள், இந்தப் பதவி ஏன் உங்களுக்கு அடுத்த படி என்று ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லி நிறுத்துங்கள். நிறுத்துவதற்கும் பழக்கம் வேண்டும். அமைதியைத் தாங்க முடியாமல் தொடர்ந்து பேசித்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால் "எதையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பேன்" என்ற பதிலைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டு அலுத்த பதில் அது. உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், அதைச் சமாளிக்க இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பலர் முன்னால் பேசத் தயங்குவேன். அதனால் ஷிப்ட் தொடங்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தை நானே நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்" என்பது போல ஒன்று. வேலையை ஏன் விடுகிறீர்கள் என்ற கேள்விக்கு இப்போதைய இடத்தின் குறைகளை அடுக்க வேண்டாம். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவரால் அவற்றைச் சரிபார்க்க முடியாது, அவருக்கு எஞ்சுவது உங்கள் கோபம் மட்டும்தான். இடையில் வேலை இல்லாத காலம் இருந்தால் ஒரே வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீட்டி விளக்கும்போதுதான் அது பெரிதாகத் தெரியும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லலாம். கூடவே, அந்த நிலை வந்தால் யாரிடம் கேட்பீர்கள், எதை முதலில் பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் பதவிக்கு எல்லாம் தெரிந்தவரை யாரும் தேடுவதில்லை. தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டி ஷிப்டைக் குழப்பாதவரைத்தான் தேடுகிறார்கள். புதிர்க் கணக்குகளுக்காக இரவு முழுவதும் விழித்திருக்கவும் வேண்டாம். அவற்றுக்குப் பெயர் பெற்ற கூகுள் நிறுவனத்தில் அப்போது மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் என்பவரே, அவை வீண் வேலை என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்.

சம்பளப் பேச்சை முதலில் நீங்கள் எடுக்க வேண்டாம். ஆனால் கேட்டால் விழிக்கவும் கூடாது. இதே பதவிக்கு மற்ற இடங்களில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, கீழெல்லையும் மேலெல்லையும் முன்பே எழுதி வையுங்கள். கீழெல்லை என்பது உண்மையிலேயே நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இப்போதைய சம்பளத்தைக் கேட்டால் கூட்டிச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டு கேட்கும் இடங்கள் உண்டு. பழைய சம்பளத்தை வைத்துப் புதிய சம்பளத்தைத் தீர்மானிப்பது, குறைவாகக் கொடுத்த இடத்தின் அநியாயத்தை அடுத்த இடத்துக்கும் சுமந்து செல்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், வேலை தர முன்வருவதற்கு முன் அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்று 2016இல் சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்தில், "இந்தப் பதவியின் பொறுப்புகளுக்கு இந்த அளவு எதிர்பார்க்கிறேன்" என்று பேச்சைப் பதவியின் பக்கம் திருப்பலாம்.

பதற்றம் பற்றி ஒன்று. அதை அடக்க முயல்வது பெரும்பாலும் பலிப்பதில்லை. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பலர் முன்னிலையில் பேசப்போகிறவர்களில் சிலரை "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றும், சிலரை "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் சொல்லவைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தினர்தான் நன்றாகப் பேசினார்கள். நெஞ்சு படபடப்பது பதற்றம், உற்சாகம் இரண்டிலும் ஒன்றுதான். அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் மாறுகிறது. முந்தின இரவு புதிதாக எதையும் படிக்காமல் தூங்குங்கள். சான்றிதழ்களையும் தன்விவரக் குறிப்பின் இரண்டு பிரதிகளையும் அன்று மாலையே பையில் வைத்துவிடுங்கள். காணொளி வழி நேர்காணல் என்றால் வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், பேசும்போது திரையில் உள்ள முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பாருங்கள்.

முடிவில் "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்பார்கள். "இல்லை" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். "இந்தப் பதவிக்கு வருபவர் முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்தால் சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறோம் என்று நினைப்பீர்கள்?" என்று கேளுங்கள். "இதற்கு முன் இந்தப் பொறுப்பில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்றும் கேட்கலாம். பதவி உயர்வு பெற்றார் என்பதற்கும், ஓராண்டுக்குள் மூன்று பேர் மாறிவிட்டார்கள் என்பதற்கும் இடையே நிறைய இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்களும் அவர்களைத் தேர்வு செய்யத்தான் போயிருக்கிறீர்கள்.

வெளியே வந்ததும், வீட்டுக்குப் போகும் வழியிலேயே எங்காவது உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எங்கே தடுமாறினீர்கள், எதைச் சொன்னபோது அவர்கள் குறிப்பெடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டாம் சுற்று இருந்தால் தடுமாறிய இடத்தையே மறுபடி தொடுவார்கள். கைநழுவிப்போன அந்த மூன்று நேர்காணல்களுக்கும் இதையே இன்று செய்யலாம். எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு எழுதுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் நின்றிருந்தீர்கள் என்றால், அந்த நோட்டின் முதல் பக்கத்தில் வர வேண்டிய நிகழ்வு எது என்று தெரிந்துவிடும்.